செகண்ட் இயர் கார்ப்பரேட் அக்கவுண்டிங்: மார்க் போவது எங்கே?

பி.காம் முதல் வருடம் 80, 85 என்று வாங்கியவர்கள் இரண்டாம் வருடம் கார்ப்பரேட் அக்கவுண்டிங்கில் அரியர் வைப்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன். நானும் வைத்தவன்தான், அதுவும் இரண்டு தடவை. இப்போது சேலம் செவ்வாய்பேட்டை பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ராத்திரி ஏழு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் எங்கள் வீட்டு மாடியில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் நோட்டோடு வந்து உட்காருவார்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி நான் செய்தவைதான். பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே.

முதல் வருடக் கணக்கு ஒரு கடைக்காரரின் கணக்கு. முதல் போட்டவரும் அவர்தான், லாபம் எடுப்பவரும் அவர்தான். இரண்டாம் வருடத்தில் கம்பெனி என்று ஒரு தனி ஆள் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பங்கு வாங்கியவர் வேறு, கம்பெனி வேறு. இது யார் புத்தகம், இந்தப் பணம் யாருடையது என்று கேட்காமல் பழைய பழக்கத்தில் என்ட்ரி போட்டால் அங்கேயே சறுக்கும்.

தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இந்தச் சறுக்கல் இன்னும் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. பாடப் புத்தகத்தில் டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. வீட்டில் வரவு என்றால் கைக்கு வந்த காசு. ரொக்கம் வந்ததும் அதை 'வரவு' பக்கம் எழுதக் கை துறுதுறுக்கும். போதாக்குறைக்கு, பணம் வந்தால் பேங்க் 'கிரெடிட்' என்றே மெசேஜ் அனுப்புகிறது. பேங்க் சொல்வது அதன் புத்தகத்தை. நம் பணத்தை அது நமக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது, அதனால் அங்கே நம் பேரில் கிரெடிட். நம் புத்தகத்தில் அதே தொகை பேங்க் கணக்கில் டெபிட். மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். அண்ணாச்சி நம் பேரில் பற்று எழுதினால் நாம் அவருக்குத் தர வேண்டும். அது அவர் புத்தகத்து டெபிட்.

பறிமுதல் செய்த பங்குகள்

மார்க் அதிகம் கொட்டிப் போகும் இடம் இது. ஷேர் ஃபார்ஃபீச்சர், அதாவது ஒறுப்பிழப்பு. ஒரு சம்மை முழுசாகவே பார்த்துவிடலாம்.

10 ரூபாய் முகமதிப்புள்ள 300 பங்குகள். ஒருவர் 8 ரூபாய் வரை கட்டிவிட்டு, கடைசி அழைப்பான 2 ரூபாயைக் கட்டவில்லை. கம்பெனி பங்குகளைப் பறிமுதல் செய்கிறது. ஷேர் கேப்பிட்டல் டெபிட் 3,000. ஃபைனல் கால் கிரெடிட் 600. ஃபார்ஃபீச்சர் கணக்கு கிரெடிட் 2,400. இதுவரை யாரும் தப்பு செய்வதில்லை.

பிறகு 200 பங்குகளை மட்டும் 7 ரூபாய்க்கு, முழுதும் செலுத்தியதாக, வேறொருவருக்குக் கொடுக்கிறார்கள். பேங்க் 1,400, ஃபார்ஃபீச்சர் 600 டெபிட். ஷேர் கேப்பிட்டல் 2,000 கிரெடிட். இதுவும் சரியாகப் போடுகிறார்கள். அடுத்து கேப்பிட்டல் ரிசர்வுக்கு, அதாவது மூலதன லாபத்தை ஒதுக்கி வைக்கும் கணக்குக்கு, எவ்வளவு என்று கேட்டால், பத்தில் ஆறு பேர் 2,400-இல் 600 கழித்து 1,800 என்கிறார்கள்.

விற்றது 200 பங்குதானே? அந்த 200-க்குப் பறிமுதலில் கிடைத்தது 1,600. அதில் 600 போனால் 1,000. கேப்பிட்டல் ரிசர்வுக்குப் போவது அந்த 1,000 மட்டும். மீதி 100 பங்கின் 800 ரூபாய் ஃபார்ஃபீச்சர் கணக்கிலேயே நிற்க வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் செலுத்தப்பட்ட மூலதனத்தோடு சேர்த்துக் காட்டுவார்கள். அந்த 100 பங்கையும் நாளைக்குத் தள்ளுபடியில் விற்க வேண்டி வந்தால் அந்த 800-இலிருந்துதான் ஈடுகட்டணும். அதற்குள் லாபம் என்று தூக்கி ரிசர்வில் வைக்க முடியாது.

பிரீமியம், அதாவது முகமதிப்புக்கு மேல் வாங்கும் தொகை, சேர்ந்த சம் வந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. பிரீமியம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதென்றால், பறிமுதல் என்ட்ரியில் செக்யூரிட்டீஸ் பிரீமியத்தைத் தொடவே கூடாது. வராமல் பாக்கி நின்றால் மட்டும் டெபிட். என் முதல் அரியர் ஏறக்குறைய இந்த ஒரு வரியில்தான் விழுந்தது.

தள்ளுபடி என்றதும் இன்னொரு சந்தேகம் வரும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 53-ஆம் பிரிவு பங்குகளைத் தள்ளுபடியில் வெளியிடக் கூடாது என்கிறது. ஊழியர்களின் உழைப்புக்காகத் தரும் ஸ்வெட் ஈக்விட்டி போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. அப்படியானால் 7 ரூபாய்க்கு எப்படிக் கொடுத்தார்கள்? முதல் ஆள் கட்டிய 8 ரூபாய் கம்பெனியிடம் இருக்கிறது. இரண்டும் சேர்த்துப் பங்குக்கு 15 வந்திருக்கிறது, குறைவு ஒன்றுமில்லை. முதல் ஆள் பங்குக்கு 3 ரூபாய் மட்டும் கட்டியிருந்தால் 7-க்குக் கீழே கொடுக்க முடியாது.

பிறக்காத கம்பெனிக்கு டைரக்டர் ஏது?

அடுத்தது, கம்பெனி பதிவாகும் முன்னும் பின்னும் வந்த லாபத்தைப் பிரிக்கும் சம். ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி, கூட்டுத் தொழிலாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 முதல் அதை எடுத்துக்கொள்ளும் கம்பெனி, பதிவானதோ ஆகஸ்ட் 1-ஆம் தேதி. நாலு மாதம் முன்னே, எட்டு மாதம் பின்னே. கால விகிதம் 1:2. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எல்லா வரியையும் 1:2 என்று வெட்டித் தள்ளுவதுதான் தவறு.

மொத்த லாபம் (கிராஸ் பிராஃபிட்) விற்பனை விகிதத்தில் பிரியும். பதிவுக்குப் பிறகு மாத விற்பனை இரண்டு மடங்கு என்று கேள்வியில் இருந்தால் அது 4:16, அதாவது 1:4. மரவள்ளி சீசனைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, மாதத்துக்கு மாதம் விற்பனை ஒரே மாதிரி இருக்காது. விற்பனைக் கமிஷனும் அப்படித்தான். வாடகை, ஆபீஸ் சம்பளம் கால விகிதம். டைரக்டர் ஃபீஸ், கடன்பத்திர வட்டி முழுக்க பின்காலம். கம்பெனியே இல்லாத ஜூன் மாதத்தில் டைரக்டர் எங்கிருந்து வருவார்? விற்றவருக்குத் தரும் வட்டியில் கவனம் வேண்டும். செப்டம்பர் 30-இல் பணத்தைத் தீர்த்திருந்தால் மொத்தம் ஆறு மாதம்தான், நாலும் இரண்டும், 2:1. முன்காலத்து லாபம் கேப்பிட்டல் ரிசர்வ். அதை டிவிடெண்டுக்கு எடுத்து எழுதியவர்களும் உண்டு.

முன்னுரிமைப் பங்கு மீட்பில், அதாவது அந்தப் பங்குக்காரர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில், ஒன்றே ஒன்று. 1,00,000 ரூபாய்ப் பங்கை மீட்க 60,000 ரூபாய்க்குப் புதுப் பங்கு வெளியிட்டால், 55-ஆம் பிரிவின்படி லாபத்திலிருந்து கேப்பிட்டல் ரிடெம்ப்ஷன் ரிசர்வுக்கு 40,000. அந்த 60,000 கடன்பத்திரமாக வந்திருந்தால் கழிக்கவே கூடாது, முழு 1,00,000-மும் போகணும். கடன் வாங்கி மூலதனத்தை ஈடுகட்ட முடியாது.

கொலுசும் சரக்கு மதிப்பீடும்

சரக்கை அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில் காட்டு என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் 2 சொல்வதும் அதுதான். ஆனால் மொத்தத்தில் பார்ப்பதா, ஒவ்வொன்றாகப் பார்ப்பதா?

எங்கள் தெருவிலேயே உதாரணம் இருக்கிறது. ஒரு பட்டறையில் மூன்று தினுசு கொலுசு. முதலாவது அடக்கம் 40,000, விற்றால் 46,000. மூன்றாவது அடக்கம் 20,000, விற்றால் 21,000. நடுவில் இருப்பது ஓடாத டிசைன். அடக்கம் 30,000, கேட்பதோ 26,000-க்கு, அதிலும் கமிஷன் 2,000 போனால் 24,000. வெள்ளி எடைக்குத்தான் போகும், செய்கூலி போச்சு. மொத்தமாகக் கூட்டினால் அடக்கம் 90,000, விற்பனை மதிப்பு 91,000. பேப்பரில் 90,000 எழுதிவிடுவார்கள். தினுசு தினுசாகப் பார்த்தால் 84,000. ஓடாத டிசைனின் நஷ்டத்தை ஓடும் டிசைனின் வராத லாபத்துக்குள் ஒளிக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த விதியே.

சீனியர் நோட்ஸ், வெளிநாட்டு வீடியோ

பழைய நோட்ஸ் கைமாறி வருவதில் தப்பில்லை, வருஷத்தைப் பார்த்து வாங்க வேண்டும். அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டுகளின் 2016 திருத்தத்துக்கு முந்தைய கைடுகளில் முன்மொழிந்த டிவிடெண்டைப் பொறுப்புப் பக்கம் காட்டியிருப்பார்கள். இப்போது அது பேலன்ஸ் ஷீட்டோடு வரும் நோட்ஸில் ஒரு குறிப்பு மட்டும். டைரக்டர்கள் முன்மொழிகிறார்கள், ஆண்டுக் கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்ப வேண்டும். மார்ச் 31 அன்று கம்பெனி யாருக்கும் கடன்படவில்லை. தேய்மான முறையை மாற்றினால் முதல் வருடத்திலிருந்து திரும்பக் கணக்கிடுவதும் பழைய வழக்கம். இப்போது மாற்றிய நாளிலிருந்து முன்னோக்கித்தான்.

யூடியூபில் 'இன்டர்மீடியட் அக்கவுண்டிங்' என்று தேடினால் கொட்டுவது பெரும்பாலும் அமெரிக்கப் பாடம். அருமையாகவே நடத்துகிறார்கள். ஆனால் அங்கே லைஃபோ முறை, அதாவது கடைசியாக வந்த சரக்கு முதலில் விற்றதாகக் கொள்ளும் முறை, உண்டு, நம் ஸ்டாண்டர்டில் இல்லை. அங்கே பேலன்ஸ் ஷீட் ரொக்கத்தில் ஆரம்பிக்கும். நம் கம்பெனிகள் சட்டத்து ஷெட்யூல் 3 மூலதனத்தில் ஆரம்பிக்கும். கருத்துக்கு அதைப் பாருங்கள், ஃபார்மட்டுக்கு வேண்டாம்.

போட்டுப் பார்க்காத சம்

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு பிள்ளை வரும். ஒருநாள் வந்ததும், "அண்ணா, பஸ்லயே எட்டு சம் முடிச்சிட்டேங்கண்ணா" என்றது. இருபது கொண்டை ஊசி வளைவில் எட்டு சம்மா என்று ஆச்சரியப்பட்டு, அதில் ஒன்றைப் புத்தகம் பார்க்காமல் போடச் சொன்னேன். மூன்றாவது என்ட்ரியில் பேனா நின்றுவிட்டது. தீர்வைப் படிக்கும்போது எல்லா வரியும் நியாயமாகவே தெரியும். வெள்ளைத் தாளில்தான் எது தெரியவில்லை என்று தெரியும். இப்போது பஸ்ஸில் தியரி மட்டும்.

பரீட்சையில் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாவிட்டால் அரை மணி நேரம் தேடாதீர்கள். ஐந்து நிமிடம், அதுவும் முறையாக. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 7,382-ஐ 7,328 என்று எழுதினால் 54 இடிக்கும். வித்தியாசத்தில் பாதித் தொகை எங்காவது கண்ணில் பட்டால் அது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கும். கிடைக்கவில்லையா, வொர்க்கிங் நோட்ஸைத் தெளிவாக எழுதி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். நோட்ஸுக்கு மார்க் உண்டு. ஓரத்தில் பென்சிலில் கிறுக்கி அழித்ததற்குக் கிடையாது.