நிரந்தர ஊனத்தால் வேலை செய்ய முடியவில்லையா? அமெரிக்க மாணவர் கடனை ரத்து செய்யும் வழி

அமெரிக்காவில் கடன் வாங்கிப் படித்தவர் நோயாலோ விபத்தாலோ இனி வேலைக்கே போக முடியாத நிலைக்கு வந்துவிட்டால், அரசு மாணவர் கடனை முழுவதும் ரத்து செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதை டிபிடி டிஸ்சார்ஜ் (முழுமையான, நிரந்தர ஊனத்துக்கான கடன் ரத்து) என்பார்கள். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

படி 1: என்ன கடன் என்று பாருங்கள். டைரக்ட், எஃப்எஃப்இஎல், பெர்கின்ஸ் என்ற அமெரிக்க அரசுத் திட்டக் கடன்கள் சேரும். தனியார் கடனும், இந்திய வங்கிக் கடனும் சேராது. பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோர் வாங்கும் பேரண்ட் ப்ளஸ் கடன் என்றால், கடன் வாங்கிய அப்பா அல்லது அம்மாவின் ஊனத்தைத்தான் பார்ப்பார்கள், பிள்ளையுடையதை அல்ல.

படி 2: எந்தச் சான்று என்று முடிவு செய்யுங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கு, ராணுவப் பணியால் வந்த 100 சதவீத ஊனம் என்ற அரசுச் சான்று போதும். எஸ்எஸ்டிஐ, எஸ்எஸ்ஐ என்ற அரசு ஊன உதவித்தொகை வாங்குபவர்கள், அதற்கான கடிதத்தில் அடுத்த மறுஆய்வு எப்போது என்று பாருங்கள். 3 ஆண்டு அல்லது 5 முதல் 7 ஆண்டு என்றிருந்தால் தகுதி உண்டு. 2021 முதல் அரசே பதிவேடுகளை ஒப்பிட்டுப் பலருக்குத் தானாக ரத்து செய்கிறது. அதனால் வரும் கடிதங்களைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். இரண்டும் இல்லையென்றால் மருத்துவர் சான்று. 2023 ஜூலை முதல் நர்ஸ் பிராக்டிஷனரும் (சிகிச்சை தர உரிமம் பெற்ற உயர்நிலை நர்ஸ்) கையெழுத்திடலாம்.

படி 3: மருத்துவர் சான்று வழி என்றால், படிவத்தில் மருத்துவர் நிரப்பும் பக்கம். இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். வேலை செய்ய முடியாத இந்த நிலை 60 மாதம் நீடித்திருக்கிறது, அல்லது நீடிக்கும், அல்லது உயிருக்கே ஆபத்தானது என்று அவர் உறுதி சொல்ல வேண்டும். "முதுகுத்தண்டு பாதிப்பு" என்று நோயின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எவ்வளவு நேரம் உட்கார முடியும், நிற்க முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும், குளிக்க, உடுத்த யாராவது உதவ வேண்டுமா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். சுருக்கெழுத்தும் இன்சூரன்ஸ் குறியீடும் கூடாது. அடித்துத் திருத்தினால் பக்கத்தில் இனிஷியல் போடச் சொல்லுங்கள். டாக்டருக்கு நேரம் இருக்காது. உங்கள் சிரமங்களை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.

படி 4: மருத்துவர் கையெழுத்திட்ட 90 நாளுக்குள் விண்ணப்பத்தை அமெரிக்கக் கல்வித்துறைக்கு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பிக்கப் போவதாக முன்பே தெரிவித்தால் வசூலை 120 நாள் வரை நிறுத்தி வைப்பார்கள்.

ரத்தான பிறகு, ராணுவச் சான்று தவிர மற்ற வழிகளில் வந்தவர்கள் 3 ஆண்டுக்குப் புதிய அரசு மாணவர் கடன் வாங்கக் கூடாது. வாங்கினால் பழைய கடன் உயிர்பெற்றுவிடும். அப்புறம், மாநில வருமான வரி இடத்துக்கு இடம் மாறும் என்பதால், ரத்தான ஆண்டில் வரிக்கணக்குப் போடுபவரிடம் கடன் ரத்தான கடிதத்தைக் காட்டிவிடுங்கள்.