ஏலத்தில் பூசணிக்காய், வயலில் கூலி பாக்கி: விசுவாசிகளான உழவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் குடியிருந்துகொண்டு பொன்னேரிப் பக்கமோ மதுராந்தகம் பக்கமோ நிலம் வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. நான் பார்த்த, நானே செய்த தவறுகளில் முதலாவது, விசுவாசத்தை, விளைச்சலை ஆலயத்தில் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையோடு முடித்துக்கொள்வதாகும். அந்த ஞாயிறன்று ஆலயத்தில் வாழைத்தாரும் கரும்பும் சாத்தியிருக்கும்; ஆராதனைக்குப் பின் அந்தக் காணிக்கைப் பொருள்களை விற்கும் ஏலத்தில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப்போல் பல மடங்குக்குப் போகும். ஓராண்டு முதற்பலனாக ஒரு மூட்டை நெல்லைக் காரில் ஏற்றிவந்தபோது, களையெடுத்த பெண்களுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி இருந்தது எனக்கு உறுத்தவே இல்லை. வேதாகமத்தின் உபாகமம் 24ஆம் அதிகாரமோ பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது. ‘நெல் போட்ட பணம் வங்கிக்கு வரட்டும்’ என்று சொல்வது வழக்கந்தான்; ஆனால் அந்தக் காத்திருப்பைத் தாங்க வேண்டியவர் நிலக்காரரே அன்றிக் கூலிக்கு வந்தவர் அல்லர்.

ஜெபத்தை வேளாண் அறிவுக்கு மாற்றாகக் கொள்வது அடுத்த தவறு. சீரகத்தின்மேல் வண்டி உருளையை ஓட்டாமல் மிலாற்றினால் (சிறு கோலால்) அடித்தெடுக்கும் நுட்பத்தைக்கூட உழவனுக்குத் தேவனே கற்பிக்கிறார் என்று ஏசாயா 28ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆகவே, நெல் இலையில் குலைநோயின் கண் வடிவப் புள்ளிகளைக் கண்டதும் யூரியா இடுவதை நிறுத்திவிட்டு வேளாண்மை அலுவலரைத் தேடிப்போவது அவிசுவாசம் அன்று. பயிர்க் காப்பீடும் அப்படியே. ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் செய்த யோசேப்பை மெச்சும் நாம், சம்பாவுக்கு 1.5 சதவீதப் பிரீமியம் கட்டத் தயங்குவது விந்தையாக இருக்கிறது.

வசனத்தை மண்ணிலிருந்து பிரித்து வாசிப்பதால் வரும் குழப்பங்களோ பல. விதைக்கிறவன் உவமையில் நல்ல நிலத்து விதை தந்த ‘நூறு மடங்கு’ காணிக்கைக்கு வரும் வட்டியாகப் பிரசங்கிக்கப்படுகிறது. அங்கே விதை என்பது வசனமே என்று இயேசுவே விளக்கியிருக்கிறார். ஏக்கருக்கு 25 கிலோ விதைநெல்லை நாற்றுவிட்டு நட்டு, 75 கிலோ மூட்டையில் முப்பது கண்டால் அது தொண்ணூறு மடங்கு. ஆனாலும் உழவு, உரம், அறுவடை வாடகை போக நம் கையில் நிற்பது எவ்வளவு என்பது நிலம் வைத்திருப்போருக்குத் தெரியும். வேதத்தில் ஆசீர்வாதமாகச் சொல்லப்படும் பின்மாரியும் இத்தகையதே. பாலஸ்தீனத்தில் பங்குனி, சித்திரையை ஒட்டிப் பெய்து கதிரை முற்றவைக்கும் மழை அது. இங்கே தை, மாசியில் சம்பா சாய்ந்து நிற்கும்போது அப்படியொரு மழைக்காக எந்த உழவரும் ஜெபிக்கமாட்டார்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் அண்டை வயல்காரரின் பாவத்தோடு முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. நீதியுள்ளவர்மேலும் அநீதியுள்ளவர்மேலும் மழை பெய்கிறது என்ற மத்தேயு 5:45 வசனமே அவர்களுக்கு மறுமொழியாகப் போதும். ஞாயிறு ஓய்வுநாளாயிற்றே என்று நீர் பாய்ச்சத் தயங்கவும் வேண்டாம்: பாசன மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வருமென்றால், மோட்டார் போட்டுவிட்டு மாலை ஆராதனைக்குப் போகலாம். துரவில் (கிணற்றில்) விழுந்த எருதை ஓய்வுநாளிலும் தூக்கிவிடமாட்டீர்களா என்று கேட்ட இயேசுவை ஆராதிக்கத்தானே போகிறோம். கோயம்பேட்டுக்கு அனுப்பும் கூடையில் நல்ல கத்தரிக்காயை மேலேயும் சொத்தையை அடியிலும் வைப்பதைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை; கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது.

வயலோரத்தைத் தீர அறுக்காதே, ஏழைக்கு விட்டுவிடு என்னும் லேவியராகமக் கட்டளை இயந்திர அறுவடைக் காலத்திற்குப் பொருந்தாது என்று நினைப்பதும் தவறே. அறுவடை இயந்திரம் திரும்ப இடமில்லாமல் நான்கு மூலைகளிலும் கொஞ்சம் கதிரை விட்டுவிட்டுத்தான் போகிறது. அதை ஆள்விட்டு அரிவாளால் அறுத்தெடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சென்ற தை முதல் எங்கள் வயலில் அந்த மூலைகளைக் களையெடுத்த பெண்களே அறுத்துக்கொள்கிறார்கள், கூலி தனி.