அஷ்டமியில் படகு ஏறுங்கள்: நைஸ்னா படகு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோரில் யாராவது ஒருவர் கேட்பார்: "சார், நீங்க நைஸ்னாவுல படகு வீட்ல ரெண்டு தடவை தங்கியிருக்கீங்களாமே, எந்த மாசம் நல்லது?" மாதத்தை அப்புறம் பார்ப்போம், வீட்டில் தமிழ்க் காலண்டர் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். கிண்டல் செய்கிறேன் என்றே நினைப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவின் தென்கரை ஊரான நைஸ்னாவில் நாமே படகு விடும் நீர்நிலையை ஏரி என்று நினைத்துக்கொண்டு டர்பனிலிருந்து கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். ஊர்க்காரர்கள் அதை லகூன், அதாவது காயல் என்கிறார்கள். உண்மையில் அது நைஸ்னா ஆறு கடலில் சேரும் கழிமுகம். இரண்டு பாறைக் குன்றுகளுக்கு நடுவே குறுகலாக ஒரு வாய் இருக்கிறது. அதன் பெயர் ஹெட்ஸ். நம் ஊரில் முகத்துவாரம் என்போமே, அதேதான். அந்த வாய் வழியாகக் கடல் ஒரு நாளில் இரண்டு முறை உள்ளே வந்துவிட்டு இரண்டு முறை வெளியே போகிறது. காலையில் நீங்கள் நங்கூரம் போட்ட இடத்தில் மதியம் கொக்கு நடக்கும். (ஊர்ப் பெயரில் முதலில் இருக்கும் 'கே' எழுத்துக்கு ஒலி கிடையாது. 'க்நைஸ்னா' என்று சொன்னால் பெட்ரோல் பங்க் பையன்கூடச் சிரிப்பான்.)

தண்ணீர் ஏறி இறங்கும் அளவு எல்லா நாளும் ஒன்றல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அதிகம் ஏறும், அதிகம் வற்றும், இழுப்பும் பலமாக இருக்கும். தென்னாப்பிரிக்காவின் இந்தக் கரையில் அந்த நாட்களில் காலை பத்து மணி வாக்கில் நன்றாக வற்றி, மாலை நாலு மணி வாக்கில் நிறையும். பிறை பாதியாக இருக்கும் அஷ்டமி, நவமி பக்கம் வித்தியாசம் குறைவு. முதல் முறை படகு ஓட்டுகிறவருக்கு அதுதான் பொன்னான நாள். எந்த நல்ல காரியத்தையும் அஷ்டமி நவமியில் தொடங்காத நம் ஜனத்துக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். என் மாமியாருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு முழுப் பயணம் தேவைப்பட்டது.

நான் முத்துப்பேட்டைக்காரன். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் வளர்ந்தவன். அந்தத் திமிரில்தான் முதல் பயணத்தில் படகுக்காரர் கொடுத்த, தண்ணீர் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஓத அட்டவணையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். நாள் பார்த்தது அத்தை, அதாவது என் மாமியார். டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டுச் சமையலறையில் தொங்கும் காலண்டரைப் பார்த்து வளர்பிறை துவாதசி என்று குறித்துக் கொடுத்தார். அதாவது பௌர்ணமிக்கு மூன்று நாள் முந்தி. அன்று மதியம் ஒன்றரை மணிக்குத் தண்ணீர் உச்சம். மூன்று மணிக்குப் பிள்ளைகள் தோசை கேட்டார்கள். மனைவி கேஸ் அடுப்பில் கல்லைப் போட, நான் குறுக்கு வழியில் போகலாம் என்று வாய்க்காலை விட்டு விலகினேன். அடியில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரொம்ப இல்லை, ஒரு கை அளவு. ஆனால் கல்லில் ஊற்றிய மாவு வட்டமாகப் பரவாமல் ஒரே பக்கம் வழிந்தது. தோசை ஒரு ஓரத்தில் ஆப்பம் மாதிரி தடிப்பாகவும் மறு ஓரத்தில் காகிதம் மாதிரி மெலிசாகவும் வந்தது. அதை வைத்தே படகு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தோம்.

இப்படி மாட்டினால் எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கு எளிது. ஒரு உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் நடுவே சுமார் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். உச்சம் கழிந்து ஒன்றரை மணி நேரத்தில் தட்டினால், அடுத்த உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வரை அங்கேயே உட்கார வேண்டியதுதான். நாங்கள் மூன்று மணிக்கு மாட்டி நள்ளிரவு பன்னிரண்டரைக்கு மிதந்தோம். நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அத்தை வானத்தைப் பார்த்துவிட்டு, "நிலா வளருதுல்ல தம்பி, தண்ணி வரும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். பௌர்ணமி நெருங்க நெருங்க அடுத்தடுத்த உச்சம் உயர்ந்துகொண்டே போகும். அதே இடத்தில் பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள், தண்ணீர் நிறைந்திருக்கும் நேரத்தில் தட்டியிருந்தால் கதை வேறு. அடுத்த உச்சம் அந்த மட்டத்துக்கு வராமலே போகலாம். அப்போது படகுக்காரருக்குப் போன் போட்டு இழுக்கச் சொல்வது தவிர வழி இல்லை. ஆகவே பௌர்ணமியோ அமாவாசையோ கழிந்த ஒரு வாரம் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது ஆழமில்லாத பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

தட்டியதும் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். பதற்றத்தில் ரிவர்ஸ் போட்டுப் பத்து நிமிடம் முறுக்கினேன். எஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கீழேயிருந்து தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறது. அடியில் சேறு இருந்தால் சேற்றையும் உறிஞ்சும். எஞ்சின் ஓடும்போது அதன் பின்பக்கம் ஒரு மெல்லிய நீர்த்தாரை பீச்சிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பி அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாரை நின்றால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். தட்டிவிட்டால் ஒரே ஒரு முறை மெதுவாகப் பின்னால் எடுத்துப் பாருங்கள். வரவில்லையா, எஞ்சினை அணைத்துத் தூக்கி வைத்துவிட்டு டீ போடுங்கள்.

அன்று சாயங்காலம் படகைச் சுற்றித் தண்ணீர் போனதும் கடல்புல் படுக்கை வெளியே வந்தது. தலைமுடியை ஈரத்தோடு வாரிவிட்டது போல எல்லாப் புல்லும் ஒரே திசையில் படுத்திருந்தது. நைஸ்னா கடற்குதிரை இந்தப் புல்லிடையேதான் வாழ்கிறது. தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் சில கழிமுகங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். தொடக்கூடாது, பிடிக்கக்கூடாது. படகைப் புல் மேல் ஏற்றுவதும் அதற்குக் கெடுதல்தான். அதனால் எங்கள் ஒன்பதரை மணி நேரத்தை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

மற்ற ஏற்பாடுகள் சுருக்கமாக. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஊரே பிதுங்கும். ஜூலையில் சிப்பித் திருவிழா. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை எனக்குப் பிடித்த காலம். பக்கத்தில் இருக்கும் பெரிய விமான நிலையம் ஜார்ஜ், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். டர்பனிலிருந்து காரிலேயே போகிறவர்கள் தயவுசெய்து இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுக்குக் குறைவாக எடுத்தால் படகு பழகுவதற்குள் திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்துவிடும். நாங்கள் எடுத்த இரண்டு படகுக்கும் தனி உரிமம் கேட்கவில்லை. கிளம்பும் முன் கொஞ்ச நேரம் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் காதைக் கொடுங்கள். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு விட வேண்டும், அதுவும் தண்ணீர் நிறையும்போது இருக்கப்போகும் ஆழத்துக்கு. கரையோடு சேரும்போது இழுப்பை எதிர்த்து வாருங்கள், படகு தானாக அடங்கும். கோடையில் பிற்பகல் காற்று கிளம்பும் என்பதால் இரவு தங்கும் இடத்தை மூன்று மணிக்குள் பிடித்துவிடுங்கள். மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

சமையல் சாமானில் ஒரே ஒரு எச்சரிக்கை: கறிவேப்பிலையை வீட்டு மரத்திலிருந்து பறித்து எடுத்துப் போங்கள். மசாலாவும் அப்படியே. டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மாமியாரை ஒழிக்கும் மசாலா என்று ஒன்று விற்கிறார்களே, அதை நான் வாங்கியபோது அத்தைதான் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். படகில் நல்ல தண்ணீர் ஒரு தொட்டிதான். அரிசியைக் கரையிலேயே களைந்து காயவைத்துக் கொண்டுபோனால் மிச்சமாகும்.

இனி ஊர்க் கதை. இதையும் தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் ருசி. ஹெட்ஸ் பக்கம் படகு வீடு போகக்கூடாது. எதுவரை போகலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டுத் தருவார்கள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் 1817ஐச் சொல்லுங்கள். எமு என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் அந்த வாய்க்குள் நுழையும்போது பாறையில் மோதி ஓட்டை விழுந்தது. பாறைக்கு இன்றும் அந்தக் கப்பலின் பெயர்தான். கிழக்குக் குன்றின் மேல் காரில் ஏறி, தண்ணீர் வெளியேறும் நேரமாகப் பார்த்து நில்லுங்கள். உள்ளே வரும் அலையும் வெளியே ஓடும் வெள்ளமும் முட்டிக்கொள்வதைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்து ஜார்ஜ் ரெக்ஸ். 1804இல் இங்கே மெல்கவுட்கிரால் என்ற பெரிய பண்ணையை வாங்கியவர், 1839இல் இறந்தவர். கல்லறை ஊருக்குள்ளேயே இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு மறைவில் பிறந்த பிள்ளை என்று ஊரே பேசியது. ஆராய்ந்தவர்கள் அது வெறும் கதை என்று முடித்துவிட்டார்கள். அத்தை கேட்டுவிட்டு, "ராஜா மகன்னு சொன்னா கடைல கடன் குடுப்பான்" என்றார். அந்தப் பண்ணையில் வேலை செய்தவர்கள் அடிமைகள். கரும்புத் தோட்டக் கூலியாக வந்த பாட்டனாரின் பேத்தி அவர். கல்லறையருகே வெகு நேரம் நின்றுவிட்டு அந்த ஆட்களை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

படகின் மேல்தளத்திலிருந்து தெரியும் தேசன் தீவு இப்போது பணக்கார வீடுகளும் வாய்க்கால்களுமாக இருக்கிறது. முன்பு அது மரம் அறுக்கும் ஆலை. தேசன் குடும்பம் 1869இல் நார்வேயிலிருந்து தங்கள் சொந்தக் கப்பலில் நியூசிலாந்துக்குக் கிளம்பியது. வழியில் கேப் டவுனில் தங்கி, அப்படியே நைஸ்னாவுக்கு வந்து மர வியாபாரத்தில் இறங்கியது. இரண்டாம் உலகப் போரில் இங்கே போர்ப்படகுகள் கட்டினார்கள். காட்டில் அந்த மரத்தை வெட்டியவர்கள் பரம ஏழைகள், மர வியாபாரிகளிடம் கடன்பட்டே வாழ்ந்தவர்கள். 1939இல் அரசு அவர்கள் உரிமையை முடித்து, சின்ன ஓய்வூதியம் கொடுத்துக் காட்டைவிட்டு அனுப்பியது. அந்தக் காட்டு யானைகளைத் தேடிப் பிள்ளைகள் கார் ஜன்னலில் கண்ணை ஒட்டிக்கொண்டே வந்தார்கள். 2019இல் வெளியான ஆய்வு சொன்னது, மிச்சம் ஒரே ஒரு பெண் யானை என்று. நான் அதை அவர்களிடம் சொல்லவில்லை.

நீரின் குறுக்கே போகும் ரயில் பாலத்தையும் பாருங்கள். ஜார்ஜிலிருந்து இந்தப் பாதை 1928இல் வந்தது. 2006 வெள்ளத்தில் பாதை சரிந்ததோடு நீராவி ரயில் நின்றுவிட்டது. பெல்விடியரில் ஒரு குட்டிக் கல் தேவாலயம் இருக்கிறது. 1855இல் திறந்தது, கட்டியவர் ரெக்ஸின் மருமகன் டூதி. நேரமிருந்தால் போகலாம். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் ஊருக்குள் இருக்கும் மில்வுட் ஹவுஸ் அருங்காட்சியகம் போங்கள். 1880களில் காட்டுக்குள் தங்கம் கிடைக்கிறது என்று ஒரு ஊரே முளைத்தது. எதிர்பார்த்த அளவு தங்கம் கிடைக்காததால் ஊர் கலைந்தது. அங்கிருந்த மரவீட்டைக் கழற்றி இங்கே கொண்டுவந்து திரும்பப் பொருத்தியதுதான் அது.

அத்தைக்கு இதில் எதுவும் பெரிதாகப் படவில்லை. நிறவெறி அரசின் 1953 சட்டம் 1990இல் நீங்கும்வரை எந்தக் கடற்கரை, எந்தப் பெஞ்ச் யாருக்கு என்று பலகை போட்டிருந்த நாட்டில் வளர்ந்தவர். படகின் முன்தளத்தில் நாற்காலியைப் போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை.

படகைத் திருப்பிக் கொடுக்கும் விஷயம் பாக்கி. முதல் பயணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, புரொபெல்லரில் கீறல் என்று முன்பணத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு இதழில் இருந்த பழைய கீறல் எனக்கு ஞாபகம் இருந்தது. நிரூபிக்கப் படம் இல்லை. இரண்டாம் முறை, நவமியன்று, ஏறியதும் முதல் வேலையாக எஞ்சினைத் தூக்கி மூன்று இதழையும் முன்னும் பின்னும் போனில் எடுத்தேன். தரை விரிப்பு, அடுப்பு, கழிவறைக் கதவின் தாழ்ப்பாள், எரிபொருள் முள், எல்லாமே. இறங்கும்போதும் அதே வரிசையில் எடுத்தேன். "கல்யாண ஆல்பமா போடுற?" என்றார் அத்தை. முன்பணம் முழுசாக வந்தது.