மேஜைமேல் கிடந்த ஃபைலும் மூன்று நாளும்

அலுவலக ஆங்கிலக் கடிதம் ஒன்றில் 'ஃபைல் மேஜைமேல் கிடந்தது' என்பதற்கு 'த ஃபைல் லெய்ட் ஆன் த டேபிள்' என்று எழுதினேன். மேலாளர் சிவப்பில் சுழித்துத் திருப்பினார். 'லைடு' என்று மாற்றினேன். மறுபடியும் சுழிப்பு. லைடு என்றால் பொய் சொன்னது. ஃபைல் என்ன பொய் சொல்லும்!

அப்புறம் வாய்ப்பாட்டை உருப்போட்டேன்: லை–லே–லெய்ன், லே–லெய்ட்–லெய்ட். ஒப்பிக்க வந்தது, எழுத உட்கார்ந்தால் பழைய குழப்பம்தான்.

மூன்றாம் நாள்தான் நம் கிட, கிடத்து நினைவுக்கு வந்தது. 'எதை?' என்று கேட்டுப் பார்த்தேன். குழந்தையைக் கிடத்தினாள்: எதை என்றால் பதில் உண்டு, அது லே வரிசை, ஆகவே லெய்ட். ஃபைல் கிடந்தது: பதில் இல்லை, அது லை வரிசை. அதன் இறந்தகாலம் லே. 'த ஃபைல் லே ஆன் த டேபிள்.' கடிதம் சுழிப்பில்லாமல் போனது.

என்னைச் சுற்றவிட்டது இந்த லேதான். ஒரு வரிசையில் நிகழ்காலம், மற்றதில் இறந்தகாலம். இதில் ஒரு சின்ன அடையாளம் உண்டு. ஃபைல் போன்ற ஒருமை எழுவாய்க்கு நிகழ்காலத்தில் 'ஸ்' ஒட்டி லேஸ் ஆகிவிடும். அந்த 'ஸ்' இல்லாமல் வெறும் லே நின்றால், கிடந்தது என்றே படிக்கலாம்.