அத்தையின் படத்தில் விறைப்பு போனது எப்படி

போன வருடம் அத்தையின் அறுபதாவது பிறந்தநாளுக்குப் படம் எடுத்தேன். பட்டுப்புடவை, நல்ல சிரிப்பு, திண்ணை நிழலில் மென்மையான வெளிச்சம். ஆனாலும் படத்தில் விறைப்பாக நின்றிருந்தார். "நான் இவ்வளவு குண்டாவாடா இருக்கேன்?" என்று அவர் கேட்டது எனக்கு வலித்தது.

அகலமான காட்சியைப் பிடிக்கும் 35 எம்.எம். லென்ஸோடு ஒரு மீட்டர் தூரத்தில் நின்றிருந்தேன். அவ்வளவு கிட்டப் போனால் மூக்கும் கன்னமும் பெரிதாகத் தெரியும். சரி, மறுபடி எடுப்போம் என்று, தள்ளி நின்றே முகத்தைப் பெரிதாகப் பிடிக்கும் 85 எம்.எம். லென்ஸை மாட்டி மூன்று மீட்டர் தள்ளிப் போனேன். முகம் அவருடைய முகமாகவே வந்தது.

அப்புறம் நிற்கும் விதம். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, முகத்தை மட்டும் என் பக்கம் காட்டச் சொன்னேன். எடை முழுக்கப் பின்காலில். இது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்: இடுப்பு தானாக வளையும், நிற்பதில் ஒரு நெளிவு வரும். கையை உடம்போடு ஒட்டினால் மேல்கை நசுங்கி அகலமாகத் தெரியும்; முழங்கையை நான்கு விரல் தள்ளி வைத்தால் போதும். 'தாடையைத் தூக்குங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். நெற்றியைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து தாடையை லேசாக இறக்கச் சொல்லுங்கள். செய்பவருக்கு விநோதமாகத்தான் இருக்கும், ஆனால் படத்தில் தாடைக்கோடு தெளிவாக விழும்.

கைகளுக்குத்தான் அதிக நேரம் போனது. சும்மா வைத்திருக்கச் சொன்னால் விரல்கள் விறைக்கின்றன. திண்ணையில் உட்காரவைத்து மல்லிகையும் நாரும் கொடுத்தேன். பேசிக்கொண்டே கட்டினார். பெருமூச்சு விட்டு நிமிர்ந்த நொடியில் எடுத்த படம்தான் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.