எண்ணூர் முகத்துவாரத்தில் ஃப்ளை தூண்டில் போடுவது எப்படி?

ஃப்ளை, அதாவது முள்ளில் முடியோ இறகோ கட்டிச் செய்யும் போலி இரை. ஃப்ளை தூண்டில் என்றதும் நீலகிரியின் அவலாஞ்சியும் அங்கே ஓடைகளில் திரியும் டிரவுட்டும்தான் நினைவுக்கு வரும். டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் தவித்துப்போகும். சமவெளிக்கு அது வராது, ஆனால் அந்த வீச்சு வரும். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் கொடுவா, காலா, பாரை மூன்றுமே ஃப்ளையை அடிக்கும். மலையில் பழகியவர்கள் லைனையும், ஃப்ளையையும், மீன் கடித்த கணத்தில் கை செய்யும் வேலையையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டுதான் தங்கூசியை (நைலான் தூண்டில் நூலை) இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை தூண்டிலில் லைனின் கனமே ஃப்ளையைக் கொண்டுபோகிறது. லைனின் கனத்தை எண்ணால் குறிப்பார்கள். ஓடைக்கு எண் 5 லைன் போதும். அதன் முதல் 30 அடி சுமார் 9.1 கிராம். கடற்காற்றைத் துளைக்க எண் 8 வேண்டும். முதல் 30 அடி 13.6 கிராம். அதே எண்ணுள்ள 9 அடி ராடு, நான்கு துண்டாகக் கழற்றுவதாக வாங்குங்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் யாரையும் இடிக்காமல் கொண்டுவரலாம். விலை உயர்ந்த ராடு தேவையில்லை. அந்தப் பணத்தை லைனில் போடுங்கள். குளிர்நாட்டு லைன் நம் வெயிலில் தொய்ந்து, பிசுபிசுத்து, ராடின் வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்தடி தூரம் அதிலேயே போய்விடும். வெப்பநாட்டு உப்புநீருக்கென்று தயாரித்த மிதக்கும் லைனாகக் கேட்டு வாங்குங்கள். ரீலில் லைனுக்கு அடியில் 20 பவுண்டு பின்னல் நூல் 150 மீட்டர் இருக்கட்டும்.

லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும் மெல்லிய நூல்தான் லீடர். அதற்குக் காசிமேட்டுத் தங்கூசியே போதும். 40 பவுண்டு நாலரை அடி, 30 பவுண்டு இரண்டரை அடி, 20 பவுண்டு இரண்டு அடி என்று வரிசையாக முடிந்தால் 9 அடி வரும். நுனியில் மறுபடி 40 பவுண்டு ஓரடி சேருங்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் வெட்டும். இந்த ஓரடி இல்லாவிட்டால் மீனும் போகும், ஃப்ளையும் போகும். ஒவ்வொரு முடிச்சையும் எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த தங்கூசியை வெடுக்கென்று இழுத்தால் சூடேறி அங்கேயே நலிந்துவிடும்.

ஃப்ளையைப் பொறுத்தவரை ஒரே ஒரு வகையைக் கட்டக் கற்றால் போதும். அமெரிக்காவில் பாப் கிளவுசர் 1980-களில் ஆற்று மீனுக்காக உருவாக்கிய கிளவுசர் மின்னோ அது. 1/0 துருப்பிடிக்காத முள்ளை இடுக்கியில் பிடித்து, தண்டு முழுக்க நூல் சுற்றுங்கள். முள்ளின் காதிலிருந்து (நூல் கோக்கும் துளையிலிருந்து) மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரட்டைக்குண்டு ஈயக்கண்ணைத் தண்டின் மேல்பக்கம் வைத்து, எட்டு வடிவில் குறுக்கும் நெடுக்கும் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி ஒரு சொட்டுப் பசை விடுங்கள். கண் ஆடினால் ஃப்ளை பக்கவாட்டில் புரளும். கண் இருக்கும் அதே பக்கத்தில் வெள்ளை முடியை வைத்துக் கண்ணுக்கு முன்னும் பின்னும் கட்டுங்கள். பிறகு முள்ளைத் தலைகீழாகத் திருப்பி, மினுக்கு இழை ஆறேழு, அதன்மேல் சாம்பல் அல்லது பாசிப்பச்சை முடி. ஈயம் கீழே இழுப்பதால் தண்ணீரில் முள்முனை மேல்நோக்கி நிற்கும். சேற்றிலும் சிப்பியிலும் மாட்டுவது குறையும். முடிக்கு மான்வாலைத் தேட வேண்டாம். வெள்ளாட்டு முடி நல்லது. செயற்கைச் சவுரி அதைவிட நல்லது, தண்ணீரை உறிஞ்சாது என்பதால் வீச லேசாக இருக்கும். முடியை அடர்த்தியாக வைப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக இருந்தால்தான் நெத்திலி மாதிரித் தெரியும். கட்டி முடித்ததும் முள்முனைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள்.

நேரத்தை வெள்ளம்தான், அதாவது கடலின் ஏற்ற வற்றம்தான், முடிவு செய்யும். சென்னைக் கரையில் பெருவெள்ளத்துக்கும் வத்தத்துக்கும் இடைவெளி ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்; நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்ற இறக்கம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் மந்தம், மீனும் மந்தம். வெள்ளம் வத்தத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரம் சிறந்தது. கழிக்குள்ளிருந்து (முகத்துவாரத்துக்கு உள்ளே இருக்கும் உப்பங்கழியிலிருந்து) இறாலும் குஞ்சு மீனும் இழுபட்டு வரும்; கொடுவா பாலத்தூண் நிழலிலும் மணல்திட்டு விளிம்பிலும் காத்து நிற்கும். மடவை துள்ளுவதைப் பார்த்து அங்கே வீசி நேரத்தைக் கழிக்காதீர்கள். அது பாசி மேய்கிற மீன், இதைத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம்.

காற்றுக்கு விடியற்காலை நல்லது. கரைக்காற்று மேற்கிலிருந்து முதுகைத் தள்ளும். வெயில் ஏறி, கடற்காற்று எழுந்தபின் முகத்தில் அறையும். அப்போது பின்வீச்சை உயரத்திலும் முன்வீச்சைத் தாழ்வாகவும் நிறுத்துங்கள். கோடையில் தெற்கத்திக் காற்று. கிழக்கு பார்த்து நிற்கும் வலக்கைக்காரருக்கு அது வலப்பக்கம் வந்து ஃப்ளையைக் காதில் கொண்டுவந்து போடும். உடம்பைத் திருப்பி நின்று, பின்வீச்சாலேயே கடலை நோக்கி விடுவதே இதற்குச் சரியான வழி. தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீசவே கூடாது.

வீச்சில் சாட்டைபோல் சடாரென்று சத்தம் கேட்டால், பின்னால் லைன் நீளும்முன் முன்னே இழுத்துவிட்டீர்கள் என்று பொருள். ஃப்ளை அறுந்திருக்கும், பாருங்கள். லீடரில் தானாக முடிச்சு விழுந்தால், தொடக்கத்திலேயே பலத்தைக் கொட்டுகிறீர்கள். வேகம் மெல்லக் கூடி, கடைசியில் சட்டென்று நிற்க வேண்டும். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும் என்பதால், கழியைக் கடக்கும் உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே ராடைத் தூக்கவே வேண்டாம்.

வீசியபின் ஃப்ளையை அசைக்கக் கையால் இழுக்கும் லைன் காலடியில் கல்லில் சிக்கும். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் டப்பைக் கட்டி, அதன் அடியில் கேபிள் டை எட்டுப் பத்தைக் குத்திட்டு நிறுத்தினால் லைன் பின்னாது. ஒரு சாண் இழுப்பு, ஒரு நொடி நிறுத்தம். ஃப்ளை தலைகுனிந்து இறங்கும் அந்த நிறுத்தத்தில்தான் கடி விழும். டிரவுட்டுக்கு ராடைத் தூக்குவோம். கொடுவாவுக்குத் தூக்கினால் முள் அதன் கெட்டி வாயில் இறங்காமல் நழுவும். ராடு நுனியைத் தண்ணீரை நோக்கியே வைத்து, இடக்கையால் லைனை நீளமாக இழுத்து முள்ளை ஏற்றுங்கள். பிறகுதான் ராடு எழ வேண்டும். மீன் துள்ளும்போது ராடைத் தாழ்த்துங்கள்.

தண்ணீருக்குள் இறங்காதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு முழங்காலை விழுங்கும். திருக்கையும் சிப்பியும் வேறு. வலை கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலும், கையால் இறால் தடவுகிறவர்கள் இருக்கும் பக்கமும் வீசக் கூடாது. அது அவர்களுடைய அன்றாடச் சோறு. ஆலைக்கழிவு கலக்கும் கழி என்பதால், கழிக்குள் பிடித்ததை நனைந்த கையால் பிடித்து, நீரோட்டத்தை நோக்கி நிறுத்தி, அதுவாக நீந்திப் போகும்வரை தாங்கி விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். லைனைக் குளிக்கும் சோப்பு நுரையில் நனைத்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். அதில் ஒட்டிய சாம்பல் துகள் வளையங்களை அராவும். ரீலின் பிரேக்கைத் தளர்த்திவிட்டு நிழலில் காயவையுங்கள்.