எழுதும் பிள்ளைக்கு அருகில் ஐந்து நிமிடம்: கையெழுத்துக்குத் தொழில்வழிச் சிகிச்சை உதவும் விதம்

தொழில்வழிச் சிகிச்சைக்குப் போகும்படி துண்டு எழுதிக் கொடுத்தால், இரண்டாம் தரத்தில் படிக்கும் பிள்ளைக்கு இப்போதே என்ன தொழில் என்று கேட்கும் பெற்றோர் திருகோணமலையில் இன்றும் இருக்கிறார்கள். இங்கே தொழில் என்பது ஒருவர் நாளாந்தம் செய்ய வேண்டிய செயல்களைக் குறிக்கிறது. சப்பாத்து நாடா கட்டுவதும் சோற்றைச் சிந்தாமல் உண்பதும் போலவே எழுதுவதும் பிள்ளையின் தொழில்தான். எழுத்து எந்த இடத்தில் தடைப்படுகிறது என்பதைக் கண்டறிந்து அந்த இடத்தை மட்டும் சீர்செய்வதே சிகிச்சையாளரின் வேலை. அதில் பெரும்பகுதியை வீட்டிலேயே தொடங்கலாம்.

முதலில், பிள்ளை எழுதும்போது அருகில் அமர்ந்து ஐந்து நிமிடம் எதையும் திருத்தாமல் பாருங்கள். எழுதாத கை கொப்பியைப் பிடித்திருக்கிறதா, அல்லது மடியில் கிடக்கிறதா? மடியில் கிடந்தால், கொப்பி ஒவ்வோர் எழுத்துக்கும் சற்று நகர்ந்து, வரி தானாகவே கீழிறங்கிவிடும். கால்கள் தரையைத் தொடுகின்றனவா? பெரியவர்களுக்கான கதிரையில் கால் தொங்க அமர்ந்த பிள்ளை, விழாமல் இருப்பதற்கே உடலின் பலத்தைச் செலவிடுகிறது. விரல்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம். மீன் ஏற்றும் றெஜிபோம் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துக் காலடியில் வைத்தாலே, இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறக்குறைய செங்கோணத்தில் நின்றுவிடும். மேசை முழங்கை உயரத்தில், அல்லது அதைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும்.

கொப்பியை நேராக வைக்கும்படி வற்புறுத்தாதீர்கள். முன்கை எந்தச் சாய்வில் மேசையில் கிடக்கிறதோ அதே சாய்வில் கொப்பியும் கிடக்கட்டும். வலக்கையால் எழுதுபவருக்கு அதன் மேல்விளிம்பு இடப்பக்கமும், இடக்கையால் எழுதுபவருக்கு வலப்பக்கமும் சரியும். இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயல்வது வீண் துன்பம். வாங்கின் இடது ஓரத்தில் இருத்தும்படி ஆசிரியையிடம் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோதாமல் எழுத அது போதும்.

பென்சில் பிடியைப் பற்றிப் பெற்றோர் கொள்ளும் கவலை, என் பார்வையில், தேவைக்கு அதிகமானது. மூன்று விரலால் பிடிப்பதும் நான்கு விரலால் பிடிப்பதும் ஒரே அளவு பயன் தருபவை. கை நோகாமல், வாசிக்கக்கூடியதாக எழுத முடிந்தால் பிடியை விட்டுவிடலாம். முஷ்டியால் பற்றும் சிறு பிள்ளைக்கு, நீங்கள் எறிய நினைக்கும் தேய்ந்த பென்சில் துண்டைக் கொடுங்கள். அதைப் பற்ற எல்லா விரல்களுக்கும் இடமில்லாததால் நுனி விரல்கள் தாமாகவே முன்வரும். அழுத்தத்தை அறிய, எழுதிய தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் புடைத்து நின்றால், இரண்டு தாள்களுக்கிடையே காபன் தாள் வைத்து, கீழ்த்தாளில் பதியாமல் எழுதும் விளையாட்டை விளையாடலாம்.

விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோம். உப்புவெளிக் கடற்கரையின் ஈர மணலில் முழுக் கையையும் வீசிப் பெரிதாக எழுதுவதும் அதே வகைப் பயிற்சிதான். ரொட்டிக்கு மா குழைப்பதும் உடுப்புக் கிளிப்பை அழுத்துவதும் விரலுக்குப் பலம் தரும். ஆயினும் இவை மட்டும் கையெழுத்தைத் திருத்துவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2011இல் வெளியான ஒரு மீளாய்வு, எழுத்துப் பயிற்சி சேராத சிகிச்சைகள் பயன் தரவில்லை என்றும், குறைந்தது 20 அமர்வுகளாவது தேவை என்றும் காட்டியது. ஆகவே மணலில் எழுதிய எழுத்தை அன்றே தாளிலும் எழுதச் செய்யுங்கள். அகர வரிசையை விட்டு, அசைவு ஒத்த எழுத்துகளைச் சேர்த்துக் கற்பியுங்கள்: நேர்கோட்டில் தொடங்கும் ட, ப, ம முதலில், சுழியுள்ளவை பின்னர். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று வாய்விட்டு எண்ணியபடி எழுதும் பிள்ளை அவற்றை எளிதில் மாற்றி எழுதாது.

பலகையைப் பார்த்து எழுதுவது வேறொரு சிக்கல். 'நிலாவெளி' என்ற சொல்லுக்குப் பிள்ளையின் தலை எத்தனை முறை நிமிர்கிறது என்று எண்ணுங்கள். நான்கு முறை நிமிர்ந்தால் அது ஒவ்வோர் எழுத்தாகச் சுமக்கிறது. நிலா, வெளி என இரண்டாகப் பிரித்து, சொல்லிப் பார்த்து எழுதப் பழக்குங்கள். 'வெ'யில் வகரத்தை முதலில் எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் ஒட்டும் பிள்ளைக்குக் கையில் குறையில்லை. ஒலிக்கும் வரிசையிலேயே எழுத முயல்கிறது, அவ்வளவுதான். அதற்கு விரற்பயிற்சி கொடுத்துப் பயனில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் மாலையில் அரபு எழுத்தை வலமிருந்து இடமாக எழுதும் பிள்ளைகள் ஏராளம். தமிழ் எழுத்துத் தடுமாறினால் உடனே அந்தப் பழக்கத்தின் மீது பழி போட வேண்டாம்.

இவற்றையெல்லாம் சில வாரங்கள் செய்தும் கை நோவு, அழுகை, வகுப்பில் எழுதி முடிக்காமை ஆகியவை நீடித்தால், முதலில் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, சிறுவர் கிளினிக் வைத்தியரிடம் தொழில்வழிச் சிகிச்சைக்குத் துண்டு கேளுங்கள். அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வருவோரே அதிகம். வாரத்துக்கு இரண்டு என்றாலும் 20 அமர்வுகளுக்குப் பத்து வாரம் வேண்டும் என்பதால், இரண்டாம் தரத்திலேயே வருவது நல்லது. வரும்போது, வீட்டில் திருத்தி எழுதுவித்த அழகான கொப்பியை வைத்துவிட்டு, அழிறப்பரால் ஓட்டை விழுந்த வகுப்புக் கொப்பியைக் கொண்டு வாருங்கள்.